ஜித்தா எவ்வளவு தூரம்?

 

சில வாரங்களுக்கு முன் மாலை நேர மத்ரஸாவில் பாடம் முடியும் தறுவாயில், முன்வரிசையில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று, "ஹஜ்ரத், ஜித்தா எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். அவனுடைய தந்தை அங்கே பணியில் இருக்கிறார் என்பதை நான் அறிவேன். "விமானத்தில் ஐந்தரை மணி நேரந்தான், தம்பி" என்றேன். அவன் சற்று யோசித்தான். "அப்படியென்றால் இரண்டு வருஷமாகியும் வாப்பா ஏன் இன்னும் வந்து சேரவில்லை?" என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே "ஐந்தரை மணி நேரம்" என்ற சொல்லை நம்பி ஒருமுறை நான் செய்த பிழை நினைவுக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். நம் இல்லங்களில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் இருக்கும்போது, தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடத் தெரிந்திருப்பது நமக்கு அவசியமான கல்வியாகும். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

சென்னை விமான நிலையம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையிலும் உள்ளது. ஜித்தா விமான நிலையம் வடக்கே 21.7 பாகையிலும், கிழக்கே 39 பாகையிலும் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பின் மீது மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர்.

"மிகக் குறுகிய வழி" என்பதைச் சற்று விளக்க வேண்டும். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் சென்னைக்கும் ஜித்தாவுக்கும் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், அது மேற்குத் திசையிலிருந்து வடக்கே 12 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கும். ஆனால் பூமி தட்டையன்று, உருண்டை. பள்ளிக்கூடத்து பூகோள உருண்டையின் மீது இரு ஊர்களையும் ஒரு நூலால் இறுக்கி இணைத்துப் பாருங்கள். அந்த நூல் சென்னையிலிருந்து புறப்படும்போது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்து செல்லும். அதுவே உண்மையான நேர்வழி. இவ்விரு ஊர்களைப் பொறுத்தவரை இரண்டு கோடுகளுக்கும் நீளத்தில் சில கிலோமீட்டரே வேறுபாடு. வடகோளத்தின் மேற்பகுதியில் உள்ள தொலைதூர நகரங்களுக்கோ அந்த வேறுபாடு பல நூறு கிலோமீட்டராக வளரும்.

இந்த 18 பாகையை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். சென்னைப் பள்ளிவாசல்களின் கிப்லாத் திசையும் ஏறக்குறைய அதுவே. ஜித்தாவிலிருந்து மக்கா ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான் என்பதால் இரண்டும் ஒரே திசையில் அமைகின்றன. விமானத்தின் வழியைக் குறிக்கும் கணிதமும், நம் தொழுகை வரிசையின் திசையைக் குறிக்கும் கணிதமும் ஒன்றே. 973ஆம் ஆண்டு பிறந்த பேரறிஞர் அல்பிரூனீ, கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிய வேண்டும் என்பதற்காகவே 1025ஆம் ஆண்டில் ஒரு நூலை எழுதி முடித்தார். ஊர்களின் எல்லைகளை வரையறுத்து, அவற்றிடையே உள்ள தூரங்களைத் திருத்துவது என்பதே அந்நூற்பெயரின் கருத்து. பஞ்சாபில் நந்தனா என்னும் கோட்டையருகே மலையொன்றின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து தெரியும் அடிவானத்தின் தாழ்வையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவரும் அவரே. விமானம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாதவர், விமான வழியின் கணக்கை நமக்கு முன்பே போட்டு வைத்திருந்தார்!

இனி நேரத்தைப் பார்ப்போம். பெரிய பயணிகள் விமானம் மேலே ஏறி நிலைகொண்டபின் மணிக்கு ஏறத்தாழ 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஓடுபாதையில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் கூடுதலாக அரைமணி ஆகும். ஆகவே வீட்டிலிருந்தபடியே நீங்கள் போடக்கூடிய எளிய கணக்கு இது: தூரத்தை 850ஆல் வகுத்து, அரைமணி கூட்டுங்கள். 4,440ஐ 850ஆல் வகுத்தால் ஐந்து மணியும் சுமார் 13 நிமிடமும். அரைமணி கூட்டினால் ஐந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. நேர் விமானம் கிடைத்தால் சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ இதுவே.

ஆனால் திரும்பி வரும்போது பெரும்பாலும் ஐந்தேகால் மணியில் வந்துவிடுவதைப் பயணிகள் கண்டிருப்பார்கள். பூமி சுழல்வதால்தான் இந்த வேறுபாடு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பூமி சுழலும்போது அதைச் சூழ்ந்த காற்றும் உடன் சுழல்கிறது. விமானமும் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. உண்மைக் காரணம், பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டம். குளிர்காலத்தில் அரபு நாடுகளுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே இது வலுத்து வீசும். கிழக்கு நோக்கி வரும் விமானத்தை அது முதுகில் தட்டி அனுப்புகிறது. மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்தை மார்பில் கைவைத்துத் தடுக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், அப்போது இந்த வேறுபாடு குறையும்.

அடுத்தது கடிகாரம். நம் கடிகாரம் சவூதி அரேபியாவின் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரமாகவும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரமாகவும் அச்சிடப்படும். சென்னையில் காலை பத்து மணிக்குப் புறப்பட்ட விமானம் ஜித்தாவில் பகல் ஒன்றேகாலுக்கு இறங்கும். சீட்டைப் பார்ப்பவர் மூன்றேகால் மணிப் பயணம் என்று எண்ணுவார். அங்கே இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டது இங்கே மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு இறங்கும். பார்ப்பவருக்கு ஏழே முக்கால் மணி! போகும்போது இரண்டரையைக் கூட்டுங்கள். வரும்போது இரண்டரையைக் கழியுங்கள். உண்மை விளங்கும்.

நம் முன்னோர் இந்தத் தூரத்தை நேரத்தால் அறிந்தவர்கள் அல்லர், நாட்களால் அறிந்தவர்கள். பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக் கப்பலேறியவர்கள் ஒரு வாரமும் அதற்கு மேலும் கடலிலேயே கழித்தார்கள். அக்கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றது. விமானமோ நிமிடத்திற்கு 14 கிலோமீட்டர் கடக்கிறது. அதனால்தான், உம்ராவுக்குச் சென்னையிலிருந்து நேரே ஜித்தா செல்பவர்கள் விமானமேறும் முன்பே இஹ்ராம் உடையை அணிந்துகொள்ளுமாறு ஆலிம்கள் அறிவுறுத்துகிறார்கள். ஜித்தாவில் இறங்குமுன்பே மீகாத் எல்லை கீழே கடந்து போய்விடும். கண் அயர்ந்தவருக்கு அது தெரியாது.

பயணத் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு நம் இமாம்கள் கூறிய தூரம் இன்றைய அளவில் ஏறத்தாழ 80 முதல் 90 கிலோமீட்டர் என்று கணக்கிடப்படுகிறது. விமானம் அதை ஆறு நிமிடத்தில் கடந்துவிடும். ஆறு நிமிடம் போனவனுக்கும் சலுகை உண்டா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உண்டு. எவ்வளவு விரைவாகப் போனாலும் பயணி பயணியே. வேகம் கூடியதால் தூரம் குறைந்துவிடவில்லை. இந்தச் சிறு உண்மையைத்தான் நான் ஒருநாள் மறந்தேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம், ஒரு வியாழக்கிழமை. பஜ்ர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் எங்கள் உம்மா இறைவனடி சேர்ந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கடலோரத்தில் உள்ளது. என் மூத்த சகோதரர் அப்போது ஜித்தாவில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். உம்மாவுக்கு அவர் தலைப்பிள்ளை.

நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அங்கே அப்போது நள்ளிரவு கடந்து இரண்டரை மணி. "காக்கா, உம்மா மவுத்தாயிட்டாங்க" என்றதும் நெடுநேரம் பதிலில்லை. பிறகு, "நான் வர்ற வரைக்கும் வச்சிருப்பீங்களா?" என்று கேட்டார். "வாங்க காக்கா, வச்சிருக்கோம்" என்றேன். என் மனத்தில் ஓடிய கணக்கு இதுதான்: விமானம் ஐந்தரை மணி, முன்னும் பின்னும் ஒரு நாலைந்து மணி, சென்னையிலிருந்து ஒரு வண்டி, எப்படியும் இரவு இஷாவுக்குப் பின் அடக்கிவிடலாம்.

நான் கணக்கில் சேர்க்காதவை எவையென்று கேளுங்கள். அந்நாளில் சவூதியில் வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை. அது வெள்ளி, சனி என்று மாறியது 2013ஆம் ஆண்டில்தான். காக்காவின் கடவுச்சீட்டு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தது. அதன் சாவியை வைத்திருந்த மேலாளர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார். சென்று திரும்புவதற்கான அனுமதி முத்திரைக்கு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகமோ சனிக்கிழமை காலைதான் திறக்கும். இவற்றையெல்லாம் காக்கா அன்று காலை பத்து மணிக்குள் அறிந்துகொண்டார். ஆனாலும் யாரையாவது பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே மாத வெயில். லுஹருக்குப் பின் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் கூடினார்கள். இமாம் அவர்கள் என்னை அழைத்து, "தம்பி, காத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. காக்கா எத்தனை மணிக்கு வந்து சேருவார்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். என்னிடம் விடையில்லை. பி.ஏ. படித்தவன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன், என் தாயின் வாசலில் நின்றுகொண்டு ஒரு கூட்டல் கணக்குக்கு விடை தெரியாமல் விழித்தேன். ஜனாஸாவை விரைந்து கொண்டு செல்லுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நானே பலருக்கு எடுத்துச் சொன்னவன். உள்ளேயிருந்து ராத்தா, "உம்மாவை இதுக்கு மேலே காக்க வைக்காதீங்க" என்றார்கள். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் நடந்தது.

அதில் எனக்கு இன்றளவும் வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. அடக்கம் செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே காக்காவுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு அவரே அழைத்தார். அப்போதுதான் சொன்னேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முத்திரை கிடைத்தது. அன்றிரவு பதினொரு மணிக்கு விமானம். ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குச் சென்னை. வெளியே வர எட்டு மணி. வாடகை வண்டி பிடித்து ஊர் வந்து சேர மாலை ஏழு மணி. வீட்டுக்குள் நுழையாமல், கைப்பையோடு நேரே கபுருஸ்தானுக்குப் போனார். எங்கள் ஊர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. ஜனாஸாத் தொழுகை தவறியவர் கப்ரருகே நின்று தொழ அதில் அனுமதியுண்டு. இமாம் அவர்கள் உடன் சென்று தொழ வைத்தார்கள்.

வியாழன் காலை ஐந்து மணியிலிருந்து ஞாயிறு மாலை ஏழு மணிவரை எண்ணிப் பாருங்கள். 86 மணி நேரம். அதில் விமானம் வானில் இருந்தது ஐந்தேகால் மணி. பதினாறில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கை மட்டும் பார்த்துவிட்டு, நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த விடுமுறை முழுவதும் காக்கா என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பணியை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தபின், ஒருநாள் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் படியில் அமர்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்: "அடக்குனது தப்பில்லைடா. வச்சிருக்கோம்னு சொன்னியே, அதுதான்."

அன்பர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், பள்ளிவாசலைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்த ஒருவர் இறந்தபோது, அவர்களுக்குத் தெரிவிக்காமலேயே அடக்கம் நடந்துவிட்டது. பின்னர் அதை அறிந்த அவர்கள், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று வினவி, கப்ரு இருக்குமிடம் கேட்டுச் சென்று தொழுதார்கள். இந்தச் செய்தியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். காக்கா அந்தச் சொல்லைச் சொன்ன இரவில்தான் அது என் நெஞ்சுக்குள் இறங்கியது.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மகனோ, கணவரோ, சகோதரரோ புறப்பட்டு வர எவ்வளவு நேரமாகும் என்று நான்கு வரிகளில் எழுதுங்கள்.

முதல் வரி, அங்கிருந்து விடுபடும் நேரம். கடவுச்சீட்டு யார் கையில் உள்ளது? இக்காமா நடப்பில் உள்ளதா? திரும்பி வரும் அனுமதி பெற எத்தனை நாளாகும்? அங்கே வார விடுமுறை எந்த நாட்கள்? சவூதியில் 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் முதலாளியின் சம்மதத்தை எதிர்பாராமல் இணையவழியாகத் தாமே இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. ஆனால் வீட்டு வேலையாட்களும் வீட்டு ஓட்டுநர்களும் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. உங்கள் வீட்டவர் எந்த வகையினர் என்பதை இப்போதே கேட்டு எழுதுங்கள்.

இரண்டாம் வரி, இருக்கை கிடைக்கும் நேரமும் விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரமும். வெளிநாட்டு விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். நேர் விமானம் எல்லா நாளும் இராது. இடையில் வேறு நகரத்தில் இறங்கி மாறினால், ஐந்தரை மணி என்பது பத்தும் பன்னிரண்டும், அதற்கு மேலும் ஆகும்.

மூன்றாம் வரி, வானில் பறக்கும் நேரம். அதைக் கணக்கிடும் முறையை மேலே சொல்லிவிட்டேன்.

நான்காம் வரி, தரையில் வரும் நேரம். காக்காவுக்கு ஜித்தாவிலிருந்து சென்னைக்கு ஐந்தேகால் மணி. சென்னையிலிருந்து ஊருக்குப் பதினோரு மணி! 4,440 கிலோமீட்டரைவிட அந்த 500 கிலோமீட்டர் நீளமாக இருந்தது. திருச்சிக்கோ மதுரைக்கோ வந்து இறங்குவது உங்களுக்கு அண்மையா என்பதையும் பாருங்கள்.

நான்கையும் கூட்டி வரும் விடையைத் தாளின் கீழே எழுதி, அது இங்கும் இருக்கட்டும், அவரிடமும் இருக்கட்டும். பிறகு, நலமாக இருக்கும் நாளிலேயே, குடும்பத்தார் கூடி ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: வேளை வந்தால் காத்திருப்பதா, எத்தனை மணிவரை காத்திருப்பது, எப்போது அடக்கிவிடுவது. மவுத்தைப் பற்றிப் பேசினால் அமங்கலம் என்று நினைக்கும் வழக்கம் நமக்கில்லை. அடக்கத்திற்குப் பின் வந்து சேருபவர் தொழுவது பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மத்ஹபினராயினும் கப்ரருகே நின்று துஆ கேட்பதற்கு நேரம் தவறிப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. அங்கிருந்து அழைப்பவர் "வச்சிருப்பீங்களா?" என்று கேட்டால், ஆறுதலுக்காக ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். "எத்தனை மணி ஆகும் என்று பார்த்துச் சொல்லுங்கள், நாங்களும் பார்க்கிறோம், உங்களிடம் சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டோம்" என்று சொல்லுங்கள். அது அவரைச் சற்று அழவைக்கும். ஆனால் பொய்யாகிப்போகும் வாக்கு தரும் காயத்தை அது தராது.

மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்து, பூகோள உருண்டையில் நூல் வைத்து அளக்கக் கற்றுக்கொடுத்தேன். 4,440 கிலோமீட்டர் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு, "வாப்பா வர்றதுக்கு எத்தனை மணி நேரம், ஹஜ்ரத்?" என்றான். இம்முறை நான் ஐந்தரை என்று சொல்லவில்லை. "அதை வாப்பாவிடமே கேட்டு எழுதிக்கொண்டு வா. நான்கு வரியாக எழுத வேண்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் கேட்டிருக்கிறான். சனிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். நான்கு வரிகளுக்கும் கீழே, யாரும் சொல்லாமலேயே, ஐந்தாவதாக ஒரு வரி எழுதியிருந்தான்: "இன்ஷா அல்லாஹ், ரமலானுக்கு லீவு கேட்டிருக்கிறார்கள்."

வல்ல அல்லாஹ் பிரிந்திருக்கும் எல்லாக் குடும்பங்களையும் நலத்தோடு ஒன்றுசேர்த்து வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.